என்ஐஆர்எஃப், நாக், பாஸ் பர்சன்டேஜ், கட்ஆஃப்: இன்ஜினியரிங் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு எதைப் பாக்கறது?

ஜூன் மாசம் வந்தா போதும், ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளை இருக்கற எல்லா வீட்டு வாட்ஸ்அப் குரூப்லயும் இன்ஜினியரிங் கவுன்சலிங்ல எந்த காலேஜ், எந்த கோர்ஸை எந்த வரிசைல சாய்ஸா போடறதுன்னு ஒரே சண்டைதான். மாமா "அந்த காலேஜ் நாக் ஏ பிளஸ் பிளஸ்ப்பா"ன்னு போடுவாரு, சித்தப்பா "என்ஐஆர்எஃப்ல நூறுக்குள்ள வருதான்னு பாரு"ம்பாரு, பக்கத்து வீட்டு அக்கா அண்ணா யுனிவர்சிட்டி பாஸ் பர்சன்டேஜ் லிஸ்ட்ட ஃபார்வர்ட் பண்ணுவாங்க, ஏற்கனவே இன்ஜினியரிங் படிச்சிட்டு இருக்கற கசின் "அதெல்லாம் விடுங்க, போன வருஷம் சிஎஸ்இ சீட் எந்த ராங்க்ல மூடுச்சு, அத மட்டும் சொல்லுங்க"ன்னு முடிச்சிடுவான். இதுல வேடிக்கை என்னன்னா நாலு பேரும் சொல்றது உண்மையாவே இருக்கும், ஒரே காலேஜைப் பத்திக்கூட இருக்கும், ஆனா நாலும் நாலு வேற விஷயத்த அளக்குது. யாரு எதுக்காக அந்த லிஸ்ட்டப் போட்டாங்கன்னு தெரிஞ்சா எதுக்கு எத யூஸ் பண்றதுன்னு தானா தெரிஞ்சிடும், அதனால ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாத்துடலாம்.

முதல்ல என்ஐஆர்எஃப், அதாவது நாடு பூரா இருக்கற காலேஜ்களுக்கு ராங்க் போடற பட்டியல். மத்திய அரசு 2015-ல கொண்டுவந்தது, முதல் பட்டியல் 2016-ல வந்துச்சு, இன்ஜினியரிங்ல அன்னைலேந்து ஐஐடி மெட்ராஸ் தான் நம்பர் ஒன். அஞ்சு தலைப்புல மார்க் போடறாங்க. டீச்சிங் மற்றும் வசதிகளுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, படிச்சு முடிச்சவங்க என்ன ஆனாங்கங்கறதுக்கு 20, எல்லா தரப்பு பசங்களும் வர்றாங்களாங்கறதுக்கு 10, பேர் எப்படி இருக்குன்னு பேராசிரியர்கள், கம்பெனிக்காரங்க கிட்ட கேட்டு 10. மொத்தம் நூறு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்குள்ளயும் என்ன இருக்குன்னு பாத்தா தான் விஷயம் புரியும்.

பெத்தவங்க கேக்கற கேள்வி என்ன, வேலை கிடைக்குமா, எவ்ளோ சம்பளம். அது ரெண்டும் இருக்கறது அந்த 20 மார்க் தலைப்புல. அதுக்குள்ள பிளேஸ்மென்ட்டும் ஹையர் ஸ்டடீஸும் சேந்து 40 சதவீதம், மீடியன் சம்பளம் (வரிசையா நிக்க வச்சா நடுவுல நிக்கறவரோட சம்பளம்) 25 சதவீதம், மிச்சம் நேரத்துல பாஸாகி வெளிய போறதுக்கும் பிஎச்டி முடிச்சவங்க எண்ணிக்கைக்கும். கணக்குப் போட்டா மொத்த நூறுல பிளேஸ்மென்ட் பக்கம் 8 மார்க், சம்பளம் 5 மார்க், ஆக 13 தான். ஆராய்ச்சிக்கு 30, அதுல பெரும்பகுதி எத்தனை பேப்பர் போட்டாங்க, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கங்கறது. பி.இ. படிக்கப்போற 17 வயசுப் பையனுக்கு அந்த 30 மார்க்கால நேரடியா என்ன லாபம்னு யோசிச்சுப் பாருங்க. பிஎச்டி சேரப்போறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க பாக்கற அந்த ஒரே ஒரு ராங்க் நம்பர்ல இது ரெண்டும் கலந்து கெடக்கு.

இன்னொன்னு, டீச்சிங் தலைப்புக்குள்ளயே காலேஜ் ஒரு ஸ்டூடன்ட்டுக்கு எவ்ளோ செலவு பண்ணுதுங்கறதுக்கு பெரிய பங்கு இருக்கு. ஃபீஸ் அதிகமா வாங்கற காலேஜுக்கு செலவு பண்றது சுலபம், கம்மி ஃபீஸ்ல ஓடற அரசு காலேஜுக்கு எங்க போறது? அப்புறம் எல்லா தரப்பு பசங்களும் வர்றாங்களாங்கற அந்த பத்து மார்க் தலைப்புல 30 சதவீதம் வேற மாநிலம், வேற நாட்டு பசங்க எத்தனை பேர்ங்கறதுக்கு. கவுன்சலிங் வழியா நம்ம ஊர் பசங்களையே எடுக்கற காலேஜ் அங்கயும் அடி வாங்கும், விஐடி, எஸ்ஆர்எம் மாதிரி நாடு பூரா ஆள் எடுக்கற டீம்டு யுனிவர்சிட்டி அங்கயும் முன்னாடி போகும். 2024 இன்ஜினியரிங் பட்டியல்ல விஐடி 11, எஸ்ஆர்எம் 13, அண்ணா யுனிவர்சிட்டி 14. இத வச்சு அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி கேம்பஸ்ல சீட் கிடைக்கற பையன் அத விட்டுட்டு லட்சக்கணக்குல கட்டி வேற எடத்துக்கு போகணும்னு யாராவது சொன்னா அவருக்கு இந்தப் பட்டியல் எப்படிப் போடறாங்கன்னு தெரியலன்னு அர்த்தம். அதே 2024-ல மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்குன்னு தனி வகை ஆரம்பிச்சாங்க, அதுல அண்ணா யுனிவர்சிட்டி தான் முதலிடம். எந்தக் கூட்டத்துல நிக்க வைக்கறாங்கங்கறதைப் பொறுத்து நம்பர் மாறுது, அவ்ளோதான்.

டேட்டாவை யாரு குடுக்கறா? காலேஜே தான் குடுக்குது. ஆராய்ச்சிப் பேப்பர் கணக்கு மட்டும் ஸ்கோப்பஸ் மாதிரி வெளி டேட்டாபேஸ்லேந்து வரும், மிச்சம் ஆசிரியர் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, எவ்ளோ சம்பளம், எல்லாம் காலேஜ் சொல்றதுதான். இதை ஒழுங்கா சரிபார்க்கறதில்லன்னு பொதுநல வழக்குப் போட்டு 2025 மார்ச்ல மதுரை ஹைகோர்ட் கிளை பட்டியல் வெளியிடறதுக்கே இடைக்காலத் தடை விதிச்சுது, அப்புறம் அது நீங்கி செப்டம்பர் 4-ம் தேதி வெளிய வந்துச்சு. 2024 ஜூலைல அறப்போர் இயக்கம்ங்கற ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒரு விஷயத்த வெளிய கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும்: அண்ணா யுனிவர்சிட்டில இணைஞ்ச 200-க்கும் மேற்பட்ட காலேஜ்கள்ல 350-க்கும் மேற்பட்ட பேர் ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேல காலேஜ்ல முழுநேர ஆசிரியரா கணக்குல இருக்காங்கன்னு. அது என்ஐஆர்எஃப் பத்தின புகார் இல்ல, காலேஜுக்கு அங்கீகாரம் வாங்கறதுல நடந்ததா சொன்ன புகார். ஆனா ஆசிரியர் எண்ணிக்கைய காலேஜே எழுதிக் குடுக்கற எல்லா லிஸ்ட்டுக்கும் அந்த சந்தேகம் பொருந்தும்தானே.

நேரக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. 2024 பட்டியல் வந்தது ஆகஸ்ட்ல, 2025 பட்டியல் செப்டம்பர்ல. கவுன்சலிங் ஜூலையிலயே ஆரம்பிச்சிடுது. ஆக சாய்ஸ் போடும்போது உங்க கைல இருக்கறது போன வருஷப் பட்டியல். அந்தப் பட்டியல்ல இருக்கற பிளேஸ்மென்ட் அதுக்கும் முந்தின பேட்ச்சோடது, 2024 பட்டியல்னா 2022-23-ல வெளிய போனவங்க, அவங்க காலேஜ்ல சேந்தது 2019-ல. ஐடி வேலைச் சந்தை நடுவுல எப்படி ஏறி எறங்குச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அப்போ என்ஐஆர்எஃப்ஐ தூக்கிப் போட்டுடலாமா? இல்ல, இங்கதான் நான் மத்தவங்க சொல்றதுலேந்து மாறுபடறேன். ராங்க்கை விட்டுடுங்க, அந்த பிடிஎஃப்ஐ விடாதீங்க. என்ஐஆர்எஃப்க்கு காலேஜ் குடுத்த டேட்டாவ அவங்க வெப்சைட்லயே போட்டு வைக்கணும்னு விதி இருக்கு, பெரும்பாலும் அடியில எங்கயாவது என்ஐஆர்எஃப்னு ஒரு லிங்க் இருக்கும். ராங்க் வராத காலேஜ் கூட அப்ளை பண்ணியிருந்தா அந்த பிடிஎஃப் இருக்கும். அதுல யுஜி நாலு வருஷம்னு ஒரு டேபிள் வரும், வரிசையா முதல் வருஷ சீட் எத்தனை, சேந்தவங்க எத்தனை, லேட்டரல் என்ட்ரில (டிப்ளமோ முடிச்சு நேரா ரெண்டாவது வருஷத்துல) வந்தவங்க எத்தனை, குறிச்ச நேரத்துல முடிச்சவங்க எத்தனை, பிளேஸ் ஆனவங்க, மீடியன் சம்பளம், ஹையர் ஸ்டடீஸ் போனவங்க. விளம்பரத்துல வர்ற "ஹையஸ்ட் பேக்கேஜ்" எங்கயும் இருக்காது, நடுவுல நிக்கற பையனுக்கு என்ன சம்பளம்ங்கறது தான் இருக்கும். எனக்குத் தெரிஞ்சு ஒரு காலேஜைப் பத்தி இவ்ளோ தகவல் ஒரே பக்கத்துல வேற எங்கயும் கிடைக்காது, ஃப்ரீயா வேற.

அதை எப்படிப் படிக்கணும்னு ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். 600 பேர் சேந்தாங்க. நேரத்துல முடிச்சவங்க 420. பிளேஸ் ஆனவங்க 300, ஹையர் ஸ்டடீஸ் 120. காலேஜ் கணக்குல 420-க்கு 420, நூத்துக்கு நூறு! என்ஐஆர்எஃப் ஃபார்முலாவும் பிளேஸ்மென்ட்டையும் ஹையர் ஸ்டடீஸையும் ஒண்ணா கூட்டித்தான் பாக்குது. ஆனா உள்ள போன 600 பேருக்கு கணக்குப் போட்டா வேலையோட வெளிய வந்தது பாதிப் பேர். அரியரோட நிக்கற 180 பேர் அந்த டேபிள்லயே அதுக்கப்புறம் எங்கயும் வர மாட்டாங்க, நேரத்துல முடிக்கறதுக்குன்னு இருக்கற மார்க் மொத்தத்துல வெறும் 3 தான்ங்கறதால காலேஜுக்கு ராங்க்லயும் பெருசா வலிக்காது. ஹையர் ஸ்டடீஸ் கணக்கும் திடீர்னு ரொம்ப அதிகமா இருந்தா கேளுங்க, எங்க போனாங்கன்னு. மூணு வருஷ பேட்ச் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அதுல ஒரு வருஷம் மட்டும் நம்பர் எகிறி இருந்தாலும் கேக்கலாம். இந்த டேபிள்ல இருக்கற ஒரே பெரிய குறை, காலேஜ் மொத்தத்துக்கும் சேத்துதான் குடுப்பாங்க, சிஎஸ்இ தனி மெக்கானிக்கல் தனின்னு பிரிச்சு இருக்காது. அண்ணா யுனிவர்சிட்டி மாதிரி எடத்துல இன்னும் மோசம், கிண்டி வேற குரோம்பேட்டை எம்ஐடி வேற இல்ல, எல்லாம் ஒரே என்ட்ரி.

அடுத்தது நாக், காலேஜுக்குத் தர கிரேடு குடுக்கற அமைப்பு. இதப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. 1994-ல ஆரம்பிச்சது, பெங்களூர்ல ஆபீஸ், ஏழு அளவுகோல்ல நாலு பாயின்ட்டுக்கு மார்க், 3.51-க்கு மேல போனா ஏ பிளஸ் பிளஸ். இது ராங்க் கிடையாது, யாரையும் யாரோடயும் ஒப்பிடறதும் கிடையாது. காலேஜ் நிர்வாகம் ஃபைல் எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கா, கமிட்டி இருக்கா, கட்டடம் இருக்கா, அந்த மாதிரி. கிரேடு வழக்கமா அஞ்சு வருஷத்துக்கு, அதனால ஆர்ச்ல பெருசா எழுதியிருக்கற ஏ பிளஸ் எந்த வருஷம் வாங்கினதுன்னு பாக்கணும். 2025 பிப்ரவரியில ஆந்திராவுல ஒரு யுனிவர்சிட்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போன நாக் குழு ஆளுங்களையே லஞ்சப் புகார்ல சிபிஐ அரெஸ்ட் பண்ணுச்சு. கிரேடையே எடுத்துட்டு அக்ரெடிட்டட், இல்லைன்னு ரெண்டா வைக்கப்போறதா 2024-லயே அறிவிச்சாங்க. சாய்ஸ் ஃபில்லிங்ல ரெண்டு காலேஜுக்கு நடுவுல முடிவு பண்ண நாக் கிரேடை யூஸ் பண்ணாதீங்க, நான் பண்ண மாட்டேன்.

என்பிஏன்னு இன்னொரு தர அங்கீகாரம் இருக்கு, அது அப்படி இல்ல. இது காலேஜுக்கு இல்ல, கோர்ஸுக்கு. ஒரு காலேஜ்ல இசிஇக்கு என்பிஏ இருக்கும், பக்கத்து பில்டிங்ல ஐடிக்கு இருக்காது. அதனாலயே ராங்க் லிஸ்ட் எதுலயும் கிடைக்காத டிபார்ட்மென்ட் லெவல் தகவல் இதுல கிடைக்குது. இந்தியா 2014-ல வாஷிங்டன் அக்கார்டுல நிரந்தர உறுப்பினர் ஆச்சு, டியர் 1 (Tier 1)ன்னு சொல்ற வகையில அக்ரெடிட் ஆன கோர்ஸுக்கு அந்த அங்கீகாரம் உண்டு, வெளிநாட்டுல இன்ஜினியரா பதிவு பண்ண நினைக்கறவங்களுக்கு அது பயன்படும். ஒரு சின்ன விஷயம், 2017-ல ஃபீஸ் கமிட்டி கவர்மென்ட் கோட்டா ஃபீஸ் நிர்ணயிச்சப்போ அக்ரெடிட் ஆன கோர்ஸுக்கு 55,000, ஆகாததுக்கு 50,000ன்னு வச்சாங்க, அதனால காலேஜுக்கும் இதுல ஒரு ஆசை உண்டு. புதுசா ஆரம்பிச்ச ஏஐ, டேட்டா சயின்ஸ் கோர்ஸ்லாம் ரெண்டு பேட்ச்சாவது வெளிய போகாம என்பிஏக்கு போக முடியாது, அதனால அதுல இல்லேன்னா உடனே மோசம்னு எடுத்துக்க வேண்டாம்.

இப்ப பாஸ் பர்சன்டேஜ். அண்ணா யுனிவர்சிட்டி ஒவ்வொரு செமஸ்டருக்கும் எந்த காலேஜ்ல எத்தனை பேர் எழுதினாங்க, எத்தனை பேர் பாஸ்னு லிஸ்ட் போடும். இந்த நாலுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா இதை காலேஜ் எழுதிக் குடுக்கறதில்ல. கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணு, பேப்பர் திருத்தறதும் வெளிய. ஆனா இதுல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, அட்டானமஸ் காலேஜ் இந்த லிஸ்ட்ல வராது, அவங்களே கேள்வித்தாள் எடுத்து அவங்களே திருத்திக்கறாங்க. பிஎஸ்ஜி டெக், தியாகராஜர், சிஐடி, எஸ்எஸ்என் எல்லாம் அட்டானமஸ். நல்ல காலேஜ்லாம் ஒவ்வொண்ணா அட்டானமஸ் ஆயிட்டே இருக்கறதால லிஸ்ட்ல முதல் பத்துல இருக்குன்னு சொன்னா, மிச்சம் இருக்கறவங்கள்ல முதல் பத்துன்னு தான் எடுத்துக்கணும். ரெண்டாவது, எழுதினவங்க எண்ணிக்கைய பாக்காம சதவீதத்தை மட்டும் பாக்கறது. 60 பேர் எழுதி 85 சதவீதமும் 1,500 பேர் எழுதி 75 சதவீதமும் ஒண்ணா? என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிய வேலை. அதே மாதிரி 200-க்கு 195 கட்ஆஃப் மார்க் வாங்கின பசங்களை எடுத்து 90 சதவீதம் பாஸ் காட்டறதுல காலேஜோட பங்கு எவ்ளோ, 120 கட்ஆஃப் பசங்களை எடுத்து 60 சதவீதம் காட்டறதுல எவ்ளோ. உள்ள வந்த பசங்க யாருங்கறத எந்த லிஸ்ட்டும் கழிச்சுப் பாக்கறதில்ல, இந்த விஷயத்துல எல்லா ராங்க்கிங்கும் ஒரே குட்டைல ஊறின மட்டை தான். ஆனா அடியில, 20, 30 சதவீதம் பாஸ்னு இருக்கற பக்கத்துல இந்த லிஸ்ட் பொய் சொல்லாது. அங்க போய் சேந்தா என்ன ஆகும்னு அதுலயே எழுதியிருக்கு.

கட்ஆஃப், அதாவது போன வருஷம் எங்க மூடுச்சுங்கறது. கசின் சொன்னது. இது காலேஜை அளக்கறதில்ல, நம்ம ஊர் ஜனங்க காலேஜைப் பத்தி என்ன நினைக்கறாங்கங்கறதை அளக்குது, அது தப்பான தகவல்னு சொல்ல முடியாது, லட்சம் குடும்பம் தேடி விசாரிச்சு போட்ட ஓட்டு மாதிரி. ஆனா போன வருஷ கட்ஆஃபைப் பாத்துத்தான் இந்த வருஷம் சாய்ஸ் போடறாங்க, அதனால இந்த வருஷ கட்ஆஃபும் அப்படியே வருது, அத பாத்து அடுத்த வருஷம். ஒரு தடவை பேர் வாங்கின காலேஜ் உள்ள தரம் கொறைஞ்சாலும் கொஞ்ச வருஷம் ஓட்டிடும், நல்லா வர ஆரம்பிச்ச காலேஜுக்கு பேர் வர நேரம் எடுக்கும். சென்னை, கோவை பக்கம் இருந்தா சீக்கிரம் மூடும், அதே தரத்துல ராமநாதபுரம் பக்கம் இருந்தா கடைசி ரவுண்டு வரைக்கும் சீட் இருக்கும்.

இத யூஸ் பண்ணும்போது மார்க்கைப் பாக்காதீங்க, ராங்க்கைப் பாருங்க. 2021-ல கொரோனால ப்ளஸ் டூ பரீட்சையே நடக்காம பெரும்பாலும் பத்தாவது, பதினொண்ணாவது மார்க்லேந்து கணக்குப் போட்டாங்க, அந்த வருஷ கட்ஆஃபை மத்த வருஷத்தோட வச்சுப் பாத்தா ஒண்ணும் புரியாது. மேத்ஸ் நூறு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி தலா அம்பதுன்னு 200-க்கு வர்ற மார்க் வருஷா வருஷம் வீங்கும், சுருங்கும், ஜெனரல் ராங்க் அவ்ளோ ஆடாது. கம்யூனிட்டி வாரியா மூடின எடமும் தனித்தனியா இருக்கு, ஓசி வரிசையப் பாத்துட்டு நமக்கு கிடைக்காதுன்னு எம்பிசி பையன் ஒதுங்கிடக் கூடாது. அரசுப் பள்ளி பசங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு தனி, அதுல ஃபீஸும் அரசே கட்டுது, அந்தக் கணக்கே வேற.

பத்திரிகைகள் போடற பட்டியல் ஒண்ணு இருக்கு, இந்தியா டுடே, தி வீக் மாதிரி. அதுலதான் தென்மண்டலம், ஊர் வாரின்னுகூட பிரிச்சுப் போடுவாங்க, ஒரு பகுதி டேட்டா, ஒரு பகுதி ஆளுங்களைக் கேட்டு எடுக்கற அபிப்பிராயம். அதே இதழைப் புரட்டினா காலேஜ் விளம்பரமும் இருக்கும், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. கியூஎஸ் ராங்க்கிங்ல உலகம் பூரா இருக்கற பேராசிரியர்கள் கிட்ட பேர் கேக்கறதுக்குத்தான் பெரிய பங்கு, உலகப் பட்டியல்ல அந்தப் பேருக்கு மட்டும் முன்னாடி 40 சதவீதம், இப்ப 30. கவுன்சலிங் சாய்ஸுக்கு அது எந்த வகையிலயும் உதவாது.

சரி, இப்ப எப்படி முடிவு பண்றது. கட்ஆஃப் மார்க் 190-க்கு மேல வச்சிருக்கற பசங்களுக்கு உண்மையில எந்த ராங்க்கிங்கும் தேவையில்ல. கிண்டி, எம்ஐடி, பிஎஸ்ஜி, எஸ்எஸ்என், தியாகராஜர், ஜிசிடி, இதுக்குள்ள எது மேல எது கீழன்னு எந்தப் பட்டியலாலயும் ஒழுங்கா சொல்ல முடியாது, கோர்ஸ், ஊர், ஹாஸ்டல், ஃபீஸ் இத வச்சு முடிவு பண்ணுங்க. என்ஐஆர்எஃப்ல ஒரு காலேஜ் 60, இன்னொண்ணு 75ன்னு வந்தா அதுக்காக ரொம்ப தலைய ஒடைச்சுக்காதீங்க, அந்த நடுப்பகுதில பக்கத்து பக்கத்து ராங்க்குக்கு நடுவுல இருக்கறது தசம மார்க் வித்தியாசம். 160-லேந்து 185 வரைக்கும் தான் கஷ்டம், ஏன்னா அங்கதான் பெரிய பெரிய தனியார் காலேஜ் எல்லாம் விளம்பரத்தோட நிக்கும், பாதிக்கு மேல அட்டானமஸ், பாஸ் பர்சன்டேஜ் லிஸ்ட் உதவாது. அங்க என் வரிசை: போன வருஷ ராங்க்கை வச்சு கிடைக்கக்கூடிய காலேஜ்களை எடுக்கறது, ஒவ்வொண்ணோட என்ஐஆர்எஃப் பிடிஎஃப்ஐ திறந்து சேந்தவங்களுக்கு எத்தனை பேர் பிளேஸ் ஆனாங்கன்னு பாக்கறது, மீடியன் சம்பளம், அப்புறம் நமக்கு வேணுங்கற கோர்ஸுக்கு என்பிஏ இருக்கான்னு பாக்கறது. பிடிஎஃப் வெப்சைட்ல கண்டே பிடிக்க முடியலன்னா அதுவும் ஒரு தகவல்தான்.

140-க்கு கீழ இருந்தா முதல்ல பாஸ் பர்சன்டேஜ் லிஸ்ட், ரெண்டு மூணு செமஸ்டர் சேத்து. நவம்பர் டிசம்பர் ஒண்ணு, ஏப்ரல் மே ஒண்ணு வரும், ரெண்டையும் பாருங்க. அடியில திரும்பத் திரும்ப வர்ற காலேஜைப் பூரா அடிச்சிடுங்க, வீட்டுக்குப் பக்கம், பஸ் விடறாங்க, லேப்டாப் தர்றாங்கன்னு எதுக்காகவும் திரும்ப சேக்காதீங்க. 400-க்கும் மேல காலேஜ் கவுன்சலிங்ல இருக்கு, அதுல பெரும்பாலானது எந்த தேசியப் பட்டியல்லயும் வராது, இந்த லிஸ்ட் ஒண்ணுதான் அவங்களைப் பத்தி வெளிய இருக்கற கணக்கு. டீம்டு யுனிவர்சிட்டி கவுன்சலிங்லயே வராது, அதனால அந்த ஒப்பீட்ட இதோட கலக்காம நாலு வருஷ மொத்த செலவை ஒரு பேப்பர்ல எழுதி தனியா பண்ணுங்க.

கடைசியா சாய்ஸ் லிஸ்ட் போடும்போது எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, எத்தனை வேணா போடலாம், அதனால கிடைக்காதுன்னு நினைக்கறதையும் ஆசையா இருந்தா மேல போட்டுடுங்க, அதால கீழ இருக்கற சாய்ஸுக்கு ஒரு நஷ்டமும் வராது. வரிசை மட்டும் கட்ஆஃப் வரிசையா இருக்க வேண்டாம், உங்களுக்குப் பிடிச்ச வரிசையா இருக்கட்டும். லாக் பண்றதுக்கு முன்னாடி காலேஜோட கவுன்சலிங் கோட் நம்பரை ரெண்டு தடவை சரி பாருங்க, ஒரே பேர்ல ரெண்டு மூணு காலேஜ் இருக்கு.